நாற்பத்து நான்கு

விதீன் நகரத்து விடுதியிலிருந்து
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பை.
ஸ்தோயனுக்குப் பதின்மூன்று, நெவெனாவுக்கு ஒன்பது.
திரியெஸ்தே வரை நான்கு எல்லைகள்.
ஒவ்வொன்றிலும் வண்டி நிற்கும்போது
அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பசிக்கிறதா என்று கேட்டேன்.
ஸ்தோயன் தலையை இடவலமாக ஆட்டினான்.
சரி என்று ரொட்டியை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.
அவர்கள் ஊரில் 'ஆமாம்' அப்படித்தான் இருக்கும்.
பயிற்சி வகுப்பில் இரண்டு முறை சொல்லித் தந்திருந்தார்கள்.
எனக்கு உறைத்தது பெல்கிரேடு தாண்டிய பிறகு.
அதுவரை அவன் மறுபடி கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதில் அவனுக்குப்
பத்து வருட அனுபவம்.

நான்காவது மாடி வீடு.
ஜன்னலில் நின்றால் லீவியோ ஓட்டும் பாரந்தூக்கி தெரியும்.
அதைக் காட்டி, அப்பா அங்கேதான் என்றேன்.
அந்தச் சொல்லை
அவசரப்பட்டுப் பரிமாறிவிட்டேன்.
யாரும் தொடவில்லை.

விளக்கு எத்தனை மணிக்கு அணையும்?
இது ஸ்தோயன்.
நீ அணைக்கும்போது.
அன்று இரவு வெகுநேரம்
அவன் அறைக் கதவின் அடியில்
வெளிச்சம் வந்தது, போனது,
வந்தது.

மறுநாள் துணி துவைத்தேன்.
ஒவ்வொரு காலரின் உட்புறத்திலும்
சிவப்பு நூலில் தைத்த எண்கள்.
அவளுக்கு இருபத்தேழு, அவனுக்கு நாற்பத்து மூன்று.
சின்னக் கத்தரியால் ஒவ்வொரு இழையாக,
துணிக்கு வலிக்காமல்,
பிரித்துப் போட்டேன்.
அப்போது என்னைப் பற்றி எனக்கே
கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதையும்
சொல்லிவிட வேண்டும்.

இரவில் நெவெனா தூங்கவில்லை.
சட்டையின் கழுத்தைச் சுற்றிச் சுற்றி
விரல் எதையோ தேடிக்கொண்டிருந்தது.
இது என்னுடையது என்று எப்படித் தெரியும்?
இந்த அளவு இந்த வீட்டில் உனக்கு மட்டும்தான், நெவெனா.
அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள்.
இப்போதைக்கு, என்றாள்.

ஊசியை எடுத்தேன்.
சிவப்பு நூல் இல்லை. நீலம் போதும் என்றாள்,
பெரிய மனதுடன்.
இருபத்தேழு தைத்து முடித்து,
எனக்கு என்ன எண் என்று கேட்டேன்.

விளையாட்டாகத்தான் கேட்டேன்.
அண்ணனை எழுப்பினாள்.
இரண்டு பேரும் தணிந்த குரலில்,
வீடு ஒதுக்கும் அதிகாரிகளைப் போல
நெடுநேரம் ஆலோசித்தார்கள்.
நாற்பத்து நான்கு காலியாகத்தான் இருக்கிறது, என்றான் ஸ்தோயன்.
ப்ளாமெனுடையது.
ஜூனில் பதினெட்டு முடிந்தது.
எங்கே போனான்?
வாசல் வரைக்கும் தெரியும்.

லீவியோவுக்கு எட்டு தரலாமா என்றேன்,
எழுதச் சுலபம் என்று.
எட்டு வேண்டாம், என்றாள் நெவெனா.
ஏன் என்று சொல்லவில்லை.
நான் நூலைக் கடித்து அறுத்தேன்.
அவருக்கு முப்பத்தொன்று.

இப்போது துறைமுகத்தில்
ஆரஞ்சு மேற்சட்டைக்கு அடியில்
முப்பத்தொன்றுடன் ஒருவர் கண்டெய்னர் தூக்குகிறார்.
மருந்துக்கடையில் என் வெள்ளைக் கோட்டுக்குள்
பின்கழுத்தில் நூல் உறுத்துகிறது.
தோளில் ஒற்றைப் பையுடன்
யாராவது இளைஞன் இருமல் மருந்து கேட்டு வந்தால்
மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணுகிறேன்.

நேற்று போரா அடித்தது.
இந்த ஊர்க் காற்று அது,
மனிதர்களையே கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வைக்கும்.
கொடியிலிருந்து ஒரு சட்டையைப் பறித்துக்கொண்டு போனது.
என்னுடையது.
நான் ஐயோ என்று முடிப்பதற்குள்
ஸ்தோயன் படியில் இறங்கிவிட்டான்,
காலில் செருப்புகூட இல்லாமல்.

ஜன்னலைத் திறந்து கத்தினேன்:
விட்டுவிடு, பழைய சட்டைதானே,
போனால் போகட்டும், சரியா?

நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே நின்று
அண்ணாந்து பார்த்தான்.
தலையை இடவலமாக ஆட்டினான்.
அது எந்த ஊர்த் தலையாட்டல் என்று
நான்கு மாடி உயரத்திலிருந்து தெரியவில்லை.
பிறகு
சட்டை போன பக்கமாக ஓடினான்.