தனிநிலை

முத்தோரை பாலாடாவில் கேரட் கழுவும் மிஷின்
ராத்திரி பன்னிரண்டுக்கு ஓட ஆரம்பிக்கும்.
டிரம் சுற்றும். மண் கரையும். விரல் மரத்துப்போகும்.
ஜக்கரியா அண்ணன் லாரிக்குள் உட்கார்ந்து
சிற்றலையைத் திருகிக்கொண்டே இருப்பார்;
மோட்டார் ஓடும்வரை அதில் வருவதெல்லாம்
மோட்டார்தான்.

தை மாதம், புல் உப்புப் பூத்துக் கிடந்த இரவு,
இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
பள்ளத்தாக்கு முழுக்க ஒரு பல்பு இல்லை.
ரேடியோ மட்டும் பேட்டரியில்.
இரைச்சல் வடிந்து வடிந்து
ஒரு பெண் மூச்சை இழுத்தாள்.

அவ்வளவுதான் முதலில். இழுத்தாள், விடவில்லை.
நாங்கள் ஒன்பது பேரும்
எங்கள் மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தது
பிறகுதான் தெரிந்தது.

விட்டபோது வந்தது பாட்டு இல்லை.
தொண்டையின் அடியில் எதையோ இழுத்துப்போகிற சத்தம்.
ஈரக் கேரட்டை ஒடிப்பதுபோல் நாக்கு.
சிரிப்பை நறுக்கித் துண்டுகளை இடம் மாற்றி வைத்ததுபோல் ஒன்று.
ஒரே வாய்க்குள் இரண்டு பேர்,
ஒருத்தி உறும, ஒருத்தி விசிலடிக்க.

"வலிப்பு வந்தவ மாதிரி இருக்கு, மாத்துங்கண்ணே"
என்றாள் புஷ்பலீலா.
ஸ்டேஷன் கெட்டுப்போச்சு என்றான் ஒருவன்.
போஜன் மட்டும் நெடுநேரம் யோசித்து
"பல்லு டாக்டர்கிட்ட வாயத் தொறந்திருக்கா" என்றார்.
சிரித்தோம்.
நாங்கள் சிரித்து முடித்தும் அவள் முடிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் உயிர் பன்னிரண்டு சொல்லி
மெய் பதினெட்டு சொல்லி
கடைசியில் மூன்று புள்ளி வைத்தார்கள்.
தனிநிலை, எதோடும் சேராது.
எஃகு, அஃது, அத்தோடு சரி,
வேறு வேலை யாரும் அதற்குக் கொடுத்ததில்லை.
இவள் கொடுத்திருந்தாள்.
உயிரை ஒரு பக்கம் எடுத்து வைத்து
மெய்யை ஒரு பக்கம் எடுத்து வைத்து
மிச்சமிருந்த காற்றில்
குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

பிடித்ததா என்றால், இல்லை.
வயிற்றைப் பிசைந்தது.
ஆனாலும் அண்ணனின் கை குமிழுக்குப் போனபோது
"இருக்கட்டும்" என்றது நான்தான்.
என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

பதினோரு நிமிஷம்.
பிறகு ஓர் ஆண், எந்த நாட்டு மொழியோ,
பெயர் சொல்ல வாயெடுத்தான்.
கரண்ட் வந்தது.
டிரம் சுற்றியது. பெயர் மோட்டாருக்குள் போனது.

அதற்கப்புறம் எத்தனையோ இரவு கரண்ட் போயிற்று.
சீனத்துச் செய்தி வந்தது, ஜெபம் வந்தது,
கோதுமை விலை மாதிரி ஏதோ வந்தது.
எல்லோரும் மின்வாரியத்தைத் திட்ட
நான் கையைத் துடைத்துக்கொண்டு
லாரிப் பக்கம் போய் நிற்கிறேன்.

அன்றைக்கு, வேலை முடிந்து வீட்டுக்குப் போகையில்
தைல மரத் திருப்பத்தில்
முன்னும் பின்னும் பார்த்துவிட்டு
வாயைத் திறந்தேன்.
ஃ.
முதல் தரம் வெறும் இருமல்.
இரண்டாம் தரம் உள்ளே எங்கோ
திறந்தே பார்க்காத கதவு ஒன்று தரையில் உரசியது.
வாயிலிருந்து வெள்ளையாகக் கொஞ்சம் புகை.

மேட்டில் காட்டெருமை தலையைத் தூக்கியது.
ஓடவில்லை, கிட்ட வரவுமில்லை.
மெல்லுவதை மட்டும்
நிறுத்தியிருந்தது.