முப்பது எம்.எம்.

பதினோராவது வளைவில் சுண்டுவிரல் தூங்கிவிடும்.
பதினாலில் அதற்குப் பக்கத்து விரல்,
மோதிரம் மாட்டியது.
இருபதாவது வளைவில்
ஆக்சிலேட்டரை முறுக்குவது என் கைதானா என்று
குனிந்து பார்த்துக்கொள்வேன்.

மேலே போகும்போது பெட்டி காலி.
இறங்கும்போது முதுகில் ஏற்காட்டுக்காரர்களின் ரத்தம்:
ஊதா மூடி, சிவப்பு மூடி,
ஐஸ் கட்டிக்கு நடுவே பேர் ஒட்டிய குழாய்கள்.
பதினொன்றுக்குள் ஐந்து ரோடு லேபில் சேர்க்க வேண்டும்.
அவர்களுடைய சர்க்கரையும் உப்பும்
என்னோடு சேர்ந்து ஒவ்வொரு வளைவிலும் சாயும்.

கழுத்தை ஸ்கேன் எடுக்கச் சொன்னார் டாக்டர்.
எங்கள் லேபிலேயே எடுத்தால்
பத்து சதவீதம் தள்ளுபடி.

கோரிமேட்டில் பச்சியண்ணன் என்னைப் பார்க்கவில்லை,
வண்டியைப் பார்த்தார்.
"ஸ்டாண்டுல நிக்குது, ஏறி உக்காருங்க.
கண்ண மூடுங்க.
இப்ப ஹேண்டில் எங்க இருக்கணும்னு தோணுதோ
அங்க கைய நீட்டுங்க."
நீட்டினேன்.
வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு
நடுரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன்.
பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சிரித்தது கேட்டது.
கண் திறந்தால்
என் கைகள் ஓரிடத்தில்,
வண்டியின் கைப்பிடி அதற்குக் கீழே, தள்ளி.
டேப்பை வைத்துப் பார்த்து
"முப்பது எம்.எம்." என்றார்.
மூன்று வருஷமாய்
முப்பது எம்.எம். குனிந்து கும்பிட்டுக்கொண்டே
போய் வந்திருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசு மெருகேற்றும் மிஷினுக்கு புஷ் கடைகிற
சாதிக் பாஷாவின் லேத்.
அலுமினியம் சுருள் சுருளாய் அவர் செருப்பில் விழுந்தது.
"ரெண்டும் ஒரே உயரம் இருக்கணும்,
இல்லாட்டி வண்டி ஒருபக்கமா சலாம் போடும்."
இரண்டையும் கண்ணாடி மேஜைமேல் நிறுத்தி
மேலே ஒரு ஸ்கேலை வைத்துக் காட்டினார்.
ஸ்கேல் அசையவில்லை.
லீ பஜாரில் நீள போல்ட் நாலு.

பழைய போல்ட்டைக் கழற்றியதும்
ஹேண்டில் பார் டாங்க்மேல் சரிந்து படுத்தது,
கேபிள்கள் மட்டும் பிடித்திருக்க.
கட்டைகளை வைத்து, தூக்கி, முறுக்கி, முடிந்தது என்றுதான் நினைத்தேன்.
ஸ்டார்ட் செய்து இடதுபக்கம் முழுசாய் ஒடித்தார்.
நான் தொடவில்லை, அவரும் முறுக்கவில்லை,
என்ஜின் தானாகக் கத்தியது.

கேபிள் பத்தவில்லை.
இது ஏழாவது வளைவில் கத்தியிருந்தால் என்று
இரண்டு பேரும் சொல்லவில்லை.
டீ வந்தது, ஆறியது.
ஃபோர்க்குக்கு உள்பக்கமாய்க் கேபிளை வேறு வழியில் இழுத்து
கிளிப் ஒன்றை வெட்டி எறிந்து
மறுபடி ஒடித்தார்: இடம், வலம், இடம்.
என்ஜின் ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தது.
"கூலி மேல போய்ட்டு வந்து கொடுங்க."

மறுநாள் காலை அடிவாரச் செக்போஸ்ட் தாண்டியதும்
காற்று முதல்முறையாய் நெஞ்சில் அறைந்தது.
இதுவரை மீட்டரையும் தாரையும் பார்த்து ஏறியவன்
நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.
ஒன்பதாவது வளைவில் தடுப்புச்சுவர் உடைந்திருக்கிறது.
அதற்கு அப்பால் ஒன்றுமில்லை.
ரொம்பக் கீழே சேலம்,
கொட்டிய கல் உப்பு மாதிரி.
இவ்வளவு பள்ளத்தின் ஓரத்திலா இத்தனை நாள்?
வயிறு கூசியது.
வேகத்தைக் குறைத்தேன்.
குரங்கொன்று என்னைப் புதிதாய்ப் பார்த்தது,
அல்லது நான் அதை.

பதினொன்று. சுண்டுவிரல் விழித்திருந்தது.
பதினாலு. மோதிரம் குளிர்ந்திருப்பது தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் எட்டுக் குழாய்.
ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.
நர்ஸ் ஜெசிந்தா பழைய பக்கத்தைப் புரட்டினாள்,
இதைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள்.
"இது உங்க கையெழுத்து இல்லையே?"
அடையாள அட்டையை எடுத்துக் காட்டவேண்டியதாயிற்று.

இறங்கும்போது கண்ணாடியில்
பின்னால் வரும் பஸ் இல்லை, வானம்தான் தெரிந்தது.
அதைத் திருப்ப யாருக்கும் நினைவில்லை.
கோரிமேட்டில் நிறுத்திச் சொன்னேன்.
பச்சியண்ணன் கையைப் பற்றிக் கேட்கவில்லை,
கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டித் திருப்பினார்.
"நூறு கிலோமீட்டர் ஓடினதும் கொண்டாங்க,
போல்ட்ட இன்னொருதரம் டைட் பண்ணணும்."
மணி பத்து ஐம்பது.