முட்டுக்கட்டை

சிலேசியா, பிப்ரவரி. சோதனைச் சுரங்கத்தில்
மீத்தேனும் காற்றும் கலந்து நிரப்பிவிட்டு
அசைவெல்லாம் அடங்கும்வரை
காத்திருக்கிறாள் ஹல்ஷ்கா.

பொறி.
வழவழப்பாய், நீலமாய்,
நடை பழகும் பிள்ளைபோல் வருகிறது தீ.
காமிராவுக்கே கொட்டாவி.

மறுபடி நிரப்பினோம். வழியில் இப்போது
ஆறு இரும்பு வளையங்கள்.
தீ முன்தள்ளிய காற்று
முதல் வளையத்தில் சுழிக்கிறது,
சுழியில் தீயின் முகம் கசங்குகிறது.
கசங்கக் கசங்கப் பரப்பு,
பரப்புக்கேற்ற பசி,
பசிக்கேற்ற பாய்ச்சல்.
மூன்றாம் வளையத்தை யாரும் பார்க்கவில்லை.
கதவு அதிர்ந்தது.

அறிக்கையில் 'தடைகள்: ஆறு' என்று எழுதியவள்
பேனாவை எடுக்காமல் இருக்கிறாள்.
மை ஊறிப் பரவுகிறது.

அவள் அண்ணன் அலோய்ஸ் இறங்கிய குழியில்
அவை மரத்தாலானவை.
கூரை சரியாதிருக்க
அவனே நட்டது,
ஒன்றரை மீட்டருக்கு ஒன்று,
நூல் பிடித்தாற்போல.