கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் ஒன்று

நூற்றிருபது மதிப்பலகு வேண்டும் என்கிறது
பச்சை அட்டைக் கையேடு,
நாலாம் பக்கத்தில், கட்டம் கட்டி.
மொழி இரண்டு. வரலாறு ஒன்று.
மெய்யியலோ தர்க்கமோ, ஏதேனும் ஒன்று.
செய்முறையோடு கூடிய அறிவியல் ஒன்று.
நுண்கலையில் ஒன்று.
புள்ளியியல். அதற்கு மட்டும்
ஏதேனும் கிடையாது.

"எதப் பத்தின பட்டம் இது?" என்று கேட்டார்
சாக்குத் தைக்கும் கலியமூர்த்தி.
எல்லாத்தப் பத்தியும், என்றேன்.
"அப்ப ஒண்ணப் பத்தியும் இல்ல"
என்று ஊசியில் சணலைக் கோத்தார்.

நீடாமங்கலத்துக்கு அந்தப் பக்கம்
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறேன்.
பருவகாலப் பணி.
பதினோரு வருடமாகப் பருவகாலம்.
பட்டம் இருந்தால் நிரந்தரத்துக்கு மனுப் போடலாமாம்.
போடலாம் என்றுதான் இருக்கிறது,
கிடைக்கும் என்று இல்லை.
தர்க்கம் படிக்காமலே இவ்வளவு தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் வண்டியில்
சபுரா கைக்குட்டை போட்டு இடம் வைத்திருப்பாள்.
கூத்தாநல்லூரிலிருந்து வருகிறவள்.
அவள் தர்க்கம் எடுத்தாள்.
அன்றிலிருந்து கண்டக்டரிடம் பேசும் விதமே வேறு:
"கண்டக்டர் எல்லாரும் மீதி தரக் கடமைப்பட்டவங்க.
நீங்க கண்டக்டர்.
ஆகவே."
ஐந்து ரூபாய் வந்தது,
வலங்கைமான் தாண்டியபின்.

நான் மெய்யியல்.
முதல் வகுப்பிலேயே கேட்டார்கள்:
ஒரு தானியக் குவியலில் ஒரு மணியை எடுத்தால்
அது குவியல்தானா?
இன்னொன்றை எடுத்தால்?
எந்த மணியோடு குவியல் தீர்கிறது?
வகுப்பு மின்விசிறியைப் பார்த்தது.
நான் ஓரத்தில் எழுதினேன்:
நாற்பது கிலோ. அதற்குக் கீழே சாக்கு தைப்பதில்லை.

நுண்கலைக்கு ஓவியம்.
ஒரு பழத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள்.
வரைந்தேன்.
பக்கத்தில் இருந்த பையன் 'நல்ல குடம்' என்றான்.
அதிலும் தேர்ச்சி.

தை மாதம் புள்ளியியல் முடிவு கைப்பேசியில் வந்தது.
முப்பத்துநான்கு.
தேர்ச்சிக்கு முப்பத்தைந்து.
எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.
மாதிரியின் சிதறலைக் கணக்கிடும்போது
எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது,
எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும்.
ஏன் ஒன்று, யாருக்கு அந்த ஒன்று
என்று எனக்குப் புரிந்ததே இல்லை.
பரீட்சையில் கழிக்க மறந்தேன்.
அவர்கள் கழித்துக்கொண்டார்கள்.

கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தபோது
தையல்நாயகியின் நெல் முறை.
மூன்றாம் நாளாக வரிசையில் கிடந்த நெல்.
ஐந்து சாக்கில், மேல், நடு, அடி,
பிடிப்பிடியாக மாதிரி எடுத்து
கருவியில் போட்டேன்.
பதினேழுக்குள் இருக்க வேண்டும் ஈரம்.
பதினேழு புள்ளி நாலு.
மறுபடி போட்டேன். புள்ளி மூன்று.
மறுபடி. புள்ளி நாலு.

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை,
கருவியைத்தான் பார்த்தார்.
"அந்தப் புள்ளிக்கு அந்தாண்ட உள்ளது எவ்வளவு தாயி?
ஒரு குண்டுமணி இருக்குமா?"

குவியலைப் பற்றிய கேள்விக்கு
விடைத்தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதியவள் நான்.
எட்டு மதிப்பெண்.
'இன்னும் ஒரு வெயில் காட்டுங்க' என்றேன்.
என் குரல்தான் அது,
சுற்றறிக்கை படிக்கும் குரல்.

கலியமூர்த்தி ஊசியை நிறுத்தினார்.
ஒன்றும் சொல்லவில்லை.
அவருக்குத் தைக்க வேறு சாக்கு இருந்தது.

மறு ஞாயிறு.
பை நிறைய மறுதேர்வு விண்ணப்பமும் கட்டணமும்.
சாலையில் பாதிவரை நெல் விரித்திருந்தது.
சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு
காலாலேயே கிளறிக்கொண்டிருந்தார் தையல்நாயகி.
ஓட்டுநர் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கி
மெதுவாக ஒதுங்கினார்.
வண்டி சாய்ந்தது. எல்லாரும் சாய்ந்தோம்.
ஜன்னலில் என் முகம் அவருக்குத் தெரிந்ததா,
தெரியாது.

சபுரா எனக்காக ஒன்று சொல்லிப் பார்த்தாள்.
"படிக்கிறவங்க எல்லாரும் தேர்ச்சி பெறுவாங்க.
நீ படிக்கிற.
ஆகவே"
முதல் வரி பொய் என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும்.
அதற்குமேல் போகாமல்
கைக்குட்டையை மடித்தாள்.

மேற்கே மேகம் ஒன்று இருந்தது.
மழை மேகமா என்று பார்க்க
எழுந்து நின்றேன்,
சீட்டைப் பிடித்துக்கொண்டு.