மீதி வேகம்

ஒன்பது மணிக்குத் தறி நிற்கும்.
பொதட்டூர்பேட்டை மொத்தமும் கைகழுவிக்கொண்டு
என் கம்பிக்குள் வரும்.

நானூற்றுப் பன்னிரண்டு வீடு.
மேலிருந்து எனக்கு வருவது ஒற்றை ஜிபி.
அதை அன்லிமிடெட் என்று நோட்டீஸ் அடித்து விற்றவள் நான்தான்,
எழுத்துப் பிழை இல்லாமல்.

மாடி அறையில் ஃபேன் எனக்கில்லை, சுவிட்சுக்கு.
திரையில் பச்சைக் கோடு ஏறி
உச்சியை முட்டித் தட்டையாகும்போது
யார் முதலில் என்று நான் சொல்ல வேண்டும்.
குவைத்திலிருந்து பேசும் மொகிலியின் முகம்
சதுரம் சதுரமாய் உடையக் கூடாது,
அவர் மகளுக்கு அப்பா என்றால் அந்த முகம்தான்.
சூரத்துக்குப் போகும் சேலை டிசைன்
பத்து நிமிடம் காத்திருக்கும்.
கோதண்டன் வீட்டுப் பையனை விளையாட்டில்
எதிரி அரை நொடி முந்திச் சுடட்டும்,
செத்தால் மறுபடி பிறப்பான்.
இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை.
பிடிக்காத ஒருத்தரின் வேகத்தையும்
ஒரு முறை குறைத்திருக்கிறேன்.
இரண்டு முறை.

நகரி ரோட்டில், தமிழ்நாடு முடிகிற பலகைக்கு அப்பால்
ஏழு கம்பம் தாண்டிப் போகிறது என் கம்பி.
கண்ணாடி இழைக்குள் ஓடும் வெளிச்சம்
எந்த மாநிலம் என்று கேட்பதில்லை.
கம்பத்துக்காரன் கேட்பான்.
அங்கே வாடகை வேறு, கும்பிடு தெலுங்கில்.

ஆடியில் பெரிய கம்பெனி வந்தது.
மூன்று மாதம் சும்மா,
பெட்டியோடு ஒரு எவர்சில்வர் குடம்.
குடத்தோடு நான் எப்படிப் போட்டி போட?
ஐம்பது ரூபாய் குறைத்தேன்.
அவர்கள் மூன்றை ஆறாக்கினார்கள்.

ஐப்பசியில் பெட்டிகள் திரும்பி வந்தன,
ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும்
காய்ந்து ஒட்டியபடியே.
ஒன்றின் ஆண்டெனா இடுக்கில் சாமந்தி இதழ்.
துடைக்காமல் அலமாரியில் அடுக்கினேன்.
நல்ல நிலையில் பெற்றேன் என்று ரசீது எழுதினேன்.
மொகிலியின் மனைவி கொடுத்தபோது மட்டும்
அங்கே ஒன்பது மணிக்கு முகம் உடைகிறதா
என்று கேட்க வாய் வந்தது.
அட்வான்ஸ் ஐந்நூறை எண்ணிக் கொடுத்தேன்.

கார்த்திகை. ஒன்பது மணி.
பச்சைக் கோடு தரையிலேயே படுத்திருக்கிறது.
அறுபத்தோரு வீடு. அதே ஒற்றை ஜிபி.
யாரையும் நிறுத்திவைக்க வேண்டாம்,
யாரையும் முன்னால் விட வேண்டாம்.
பதினோரு வருடத்தில் இவ்வளவு நல்ல இணைப்பை
நான் ஒருவருக்கும் கொடுத்ததில்லை.

போன் அடித்தது.
ஏழாவது கம்பத்து வீட்டு மங்கதாயாரு அம்மா.
“ஏம்மா, இன்னைக்கு சீரியல் ஒரு எடத்துலயும் நிக்கலையே,
பில்லு ஏத்திட்டியா?”

இல்லம்மா என்றேன்.
அவர் நம்பவில்லை.