இடக் கன்னம்

ஆம்ப்ரோஸ் கில்டேயின் இடக் கன்னத்தை
எனக்குத் தெரிந்த அளவுக்கு
அவர் மனைவிக்கும் தெரிந்திருக்காது.
பதினோரு வருடம்
மேடையின் இடப்பக்கத் திரைமறைவில்
சோப்புப் பெட்டிமேல் உட்கார்ந்து
மறந்த வரியை எடுத்துக்கொடுப்பது என் வேலை.
வாரம் பதினைந்து ஷில்லிங்.
சுவரொட்டியில் பெயர் கிடையாது.

சபைக்கு முழு முகம், எனக்குப் பாதி.
அரசன், வழிப்பறிக்காரன், பாதிரியார்,
யாராக வந்தாலும் பாதி மூக்கு, பாதி மீசை,
காதோரம் ஒழுகும் அரிதாரம்.
வரி மறந்தால் அந்தக் காது
ஈ உட்கார்ந்த மாட்டின் காதுபோல் ஒருதரம் துடிக்கும்.
முதல் சொல்லை மட்டும் தருவேன்.
முழு வரியும் தந்தால் கோபம் வரும்:
"நான் என்ன குழந்தையா?"

பெண்டிகோவில் தங்கம் இருந்த நாளில்
மேடைமேல் தங்கக் கட்டி வீசினார்களாம்.
யாரோ ஒருத்திக்கு நெற்றி கிழிந்ததாம்,
தழும்பைப் பவுடரில் மறைக்காமலே கடைசிவரை நடித்தாளாம்.
நாங்கள் போனபோது வீசியது
ஆரஞ்சுத் தோல்.

கோபாருக்குப் போனது தொள்ளாயிரத்து இரண்டில்,
மழை முகம் காணாத நான்காம் வருடம்.
வேலியோரம் ஆடுகள் வெறும் தோலாகக் கிடந்தன.
தகரக் கூரை மண்டபம்.
காசில்லாதவர்கள் முட்டை தந்தார்கள்,
ஒருவர் குதிரை லாடம்.
எனக்கு எதிரே, வலப்பக்கச் சுவரில்,
கண்ணாடி இல்லாத ஒரு ஜன்னல்.
முதல் இரவே அதில் ஒரு பெண்ணின் முகம்.
எங்கள் கப்பல்கள் வருமுன்பே இங்கே இருந்தவர்களின் மகள்.
அவர்களுக்கு டிக்கெட் விற்பதில்லை என்றார் மண்டபக்காரர்
முட்டையை எண்ணிக்கொண்டே.
மூன்று இரவும் நின்றாள்.
மேடைக்குக் குறுக்கே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
நடுவில் லோட்டி வார்பர்ட்டன்
தினமும் ஏமாந்துகொண்டிருந்தாள்.

மூன்றாம் இரவு, நான்காம் அங்கம்.
கில்டே கத்திக்குத்து வாங்கி
சபைக்குப் பாதம் காட்டி மல்லாந்து விழுந்தார்.
ஷூவின் அடியில் ஓட்டை,
ஓட்டைக்குள் பிஸ்கட் கம்பெனி அட்டை.
லோட்டி அழ வாயெடுத்தாள்.
கூரைமேல் ஒரு கல் விழுந்தது.
இன்னொன்று.
பிறகு வண்டி வண்டியாக யாரோ ஜல்லி கொட்டினார்கள்.

ஒரு நொடி யாரும் அசையவில்லை.
பின்வரிசையில் ஒரு சுரங்கக்காரர்
"அட" என்றார்.
நாற்காலிகள் சரிந்தன, கதவு போதவில்லை.
லோட்டி முக்காட்டோடு ஓடினாள்,
கொலைகாரன் கத்தியோடு.
மேடையில் பிணம் மட்டும்.
"நீங்கள் இன்னும் செத்துத்தான் கிடக்கிறீர்கள்" என்று கிசுகிசுத்தேன்.
பிரதியில் இல்லாததை நான் சொன்னது அந்த ஒருமுறைதான்.
மழையில் கேட்டிருக்காது.
பிணம் எழுந்து, விக்கைக் கழற்றி
நனையாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு
வெளியே போனது.

தெரு முழுக்க வானம் பார்த்துத் திறந்த வாய்கள்.
அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.
"அந்த ஆள் செத்துக் கிடக்கும்போது" என்றாள்,
"இந்தக் கண்ணைத் திறந்துவைத்துத்
தலைகளை எண்ணுகிறான். மூன்று நாளும்."
தன் வலக் கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.
பதினோரு வருடம்!
என் பக்கத்துக் கண்
அவ்வளவு சுத்தமாகச் செத்திருந்தது.
சிரித்தேன். அவளும்.
பெயர் கேட்கத் தோன்றவில்லை.
அவளுக்கு விற்காத டிக்கெட்டின் கூலிதான்
என் பையிலும் இருந்தது.

இப்போது படம் பேசுகிறது.
சிட்னியில் எங்கள் பழைய அரங்கில் வெள்ளைத் துணி கட்டியாயிற்று.
கில்டே வாசலில் டிக்கெட் கிழிக்கிறார்,
உள்ளே போகிற தலைகளை
இரண்டு கண்ணாலும் எண்ணுகிறார்.
திரையில் முகம் ஒரு வீட்டளவு, கன்னம் இரண்டும்.
யாரும் எதையும் மறப்பதில்லை.
மேடையின் இடம் சபைக்கு வலம்;
அந்த ஓரத்து இருக்கைதான் எனக்கு.
நாயகி மூச்சிழுக்கும்போதெல்லாம்
என் உதடு முதல் சொல்லுக்குத் தயாராகிறது.
எதிரோரத்துக் கதவை
காற்றுக்காகப் பாதி திறந்துவைக்கிறார்கள்.
படம் முடிவதற்குள் ஒருமுறையாவது
அங்கே பார்த்துவிடுகிறேன்.