கேட் புத்தகம்

ருசி பார்க்க வந்த ரஷ்யக்காரி
பதினாறு கோப்பையிலும் உறிஞ்சி, பதினாறையும் துப்பிவிட்டு,
கார் ஏறப் போகையில் என் கூண்டருகே நின்றாள்.
பையிலிருந்து ஒரு படம் எடுத்துத் தந்தாள்.
உள்ளங்கை அகலம். ஓரமெல்லாம் பொன்.
நீண்ட முகம், உலர்ந்த தாடி,
இடுப்பில் சாவிக்கொத்து.

டீமேக்கர் சில்வெஸ்டர் தமிழில் சொன்னார்:
"இவரும் உன்னை மாதிரி வாச்சர்தானாம்.
அதுக்கு முந்தி அரசகுமாரன்.
எண்ணூறு தொள்ளாயிரம் வருசமிருக்கும்.
ஆறு ஊர், நாலு ஆறு, எண்ணாத குதிரை,
எல்லாத்தையும் தம்பிமாருக்கு விட்டுப்போட்டு
மடத்துக் குசினியில விறகு பிளந்தாராம்.
பிறகு கேட்."
பேரும் சொன்னாள். என் வாயில் நிற்கவில்லை.
படத்தின் அடியில் எழுதியிருந்தது;
முதுகைக் காட்டி நிற்கும் ஓர் ஆர் எழுத்து,
தேயிலைச் சாக்கில் தகடு வைத்து
நாங்கள் கறுப்படிக்கும் அதே எழுத்து.

என் பேர் தவசி.
வைத்தவர் கணக்கப்பிள்ளை.

பதினொன்றுக்குக் கொழும்பு லொறி போனபின்
அவரோடு வழக்குப் பேசத் தொடங்கினேன்.

ஐயா, விட்டால் புனிதராகலாம் என்கிறார்கள்.
விடுவதற்கு முதலில் ஏதாவது வேண்டும்.
ஏழு பேர்ச்சஸ் காணி தருகிறோம் என்று
மூன்று எலெக்சனுக்கு முந்தி
கயிறு பிடித்து அளந்தார்கள்.
முளைக்குச்சியில் இப்போது அவரைக்கொடி.
உறுதியைக் கையில் தரச் சொல்லுங்கள்,
மறுநாளே துறந்து காட்டுகிறேன்.

தம்பிமார் அனுப்பிய ரோமக் கோட்டை
விற்றுக் கஞ்சி ஊற்றினீர்களாமே.
கம்பனி தந்த என் கம்பளியில்
எலி குடும்பம் நடத்துகிறது.
விற்றால் யார் வாங்குவார்?

அவர் பேசவில்லை. உள்ளே அடுப்பு உறுமியது.
நோர்வூட் பள்ளத்திலிருந்து ஏறிய மூட்டம்
குறுக்குமரத்தில் ஈரமாய் ஒட்டிக்கொண்டது.

இன்னொன்றும் சொன்னேன்.
உங்கள் கேட் உள்ளே வருகிறவனுக்கு:
பசித்தவன், விறைத்தவன், கள்ளன்கூட.
என் கேட் வெளியே போகிறவளுக்கு.
பையைத் திற. சோற்றுப்பெட்டியைத் திற.
முந்தானையை உதறு.
நேரம், பேர், செக்ரோல் நம்பர்,
எல்லாம் இந்தப் புத்தகத்தில்.
இருபத்திரண்டு வருசம், ஓர் அடித்தல் இல்லை.
புதுத்துரை வந்தால்
முதலில் இதைத்தான் கொண்டுபோய்க் காட்டுவார்கள்.

மாசி. இரண்டாம் ஷிப்ட் கலைந்த நேரம்.
சலிப்பறை அங்கம்மா உதறினாள்.
எல்லாருக்கும் கொஞ்சம் தூசி உதிரும்.
இவளுக்கு உதிர்ந்து முடியவில்லை.
சிமெந்தில் கறுப்பாய் ஒரு சின்ன மேடு.
முதல் தரம். கப்பலேறுகிறது.
லயத்துக் கடையில் நாங்கள் வாங்குவது கூட்டிப் பெருக்கினது.

"ருசி பார்க்கத்தாண்ணே" என்றாள்.
"பத்தொன்பது வருசமாச் சலிக்கிறேன்.
இது எப்பிடியிருக்கும்னு தெரியாது."

பேனா கையில் இருந்தது.
படத்தைப் பார்த்தேன் என்று சொன்னால் பொய்.
சுவரில் அது ஈரத்தில் சுருண்டிருந்தது,
சாவிக்கொத்து மட்டும் கொஞ்சம் மின்னிற்று.
குனிந்து இரண்டு கையாலும் அள்ளி
பழைய பேப்பரில் பொட்டலம் கட்டினேன்.
மண்ணும் சேர்ந்துதான் வந்தது.
நடுங்கியது அவள் கை இல்லை.

10.20. அங்கம்மா. 417. ஒன்றுமில்லை.

நல்ல கையெழுத்தில்தான் எழுதினேன்.
ஆறு ஊரும் நாலு ஆறும் என்ன கனமோ.
அன்று லயத்துக்கு இறங்கும்போது
பழகிய படியில் கால் தடுக்கிற்று,
யாரோ ஒரு படியை உருவிவிட்ட மாதிரி.

மறுநாள் கூண்டுக்குள் ஒரு போத்தல்.
துணி சுற்றியிருந்தது, சூடு ஆறவில்லை.
வெறும் சாயம். பக்கத்தில் கருப்பட்டித் துண்டு.
வாயில் வைத்துக் கொஞ்சநேரம் அப்படியே இருந்தேன்.
துவர்த்தது. பிறகு வேறென்னவோ, பேர் தெரியவில்லை.
துப்பவில்லை.

லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.
எழுந்து போய் மரத்தைத் தூக்கினேன்.